முதல் வீடு: மேடவாக்கம் புது ஃபிளாட்டா, நங்கநல்லூர் பழைய ஃபிளாட்டா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்ன பார்க்கணும்?

வாடகைவாசி

வணக்கம். இரண்டு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறோம். இந்த மாதத்துக்குள் ஒன்றை முடிவு செய்யணும்.

முதலாவது மேடவாக்கத்தில். 2 பெட்ரூம், சூப்பர் பில்ட்அப் (பொது இடத்தின் பங்கையும் சேர்த்த பரப்பு) 960 சதுர அடி, யூடிஎஸ் (மனையில் பிரிக்காத பங்கு) 395, விலை 72 லட்சம். வேலை நடந்துகொண்டிருக்கிறது, இரண்டாவது மாடித் தளம் போட்டாச்சு. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் இருக்கு. புக்கிங்குக்கு 2 லட்சம், அடுத்த 15 நாளில் மொத்தம் 20 சதவீதம் வரும்படி கட்டுங்கள், அக்ரிமென்ட் அதற்கப்புறம் என்கிறார்கள்.

இரண்டாவது நங்கநல்லூரில். 2011ல் கட்டியது, 16 வீடு, 850 சதுர அடி, யூடிஎஸ் 490, விலை 68 லட்சம். ஓனருக்கு அவர் அப்பா செட்டில்மென்ட் (குடும்பத்துக்குள் விலையில்லாமல் எழுதும் பத்திரம்) எழுதிக் கொடுத்தது. ஓனர் பெயரில் பேங்க் லோன் 11 லட்சம் பாக்கி. பால்கனியை மூடி சின்ன ரூம் ஆக்கியிருக்கிறார்கள். 5 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்.

கையில் 22 லட்சம். இருவர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு 1,35,000 வருது. கார் லோன் 9,000, இப்போதைய வாடகை 18,000. 80 சதவீதம் லோன் கிடைக்கும் என்பதால் பணம் தாராளமாகப் போதும் என்று நினைக்கிறோம். எதில் இறங்கலாம்? என்னென்ன பேப்பர் கேட்கணும்?

கணக்குப்பிள்ளை

பணம் போதாது சார். முதலில் அதைப் பார்த்துவிட்டு பேப்பருக்குப் போங்க.

லோன் தொகை 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை இருந்தால் வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் உச்சவரம்பு. பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். அது முழுக்க உங்கள் கைப்பணம்.

மேடவாக்கம்: 72 லட்சத்துக்கு லோன் 57.60 லட்சம். மீதி 14.40 உங்களுடையது. கட்டி முடியாத வீடு என்பதால் ஜிஎஸ்டி உண்டு. 1 சதவீதச் சலுகைக்கு விலை 45 லட்சத்தைத் தாண்டக்கூடாது, ஆக உங்களுக்கு 5 சதவீதம், அதாவது 3.60 லட்சம். அடுத்து பதிவு. முன்பெல்லாம் யூடிஎஸ்ஸுக்குக் கிரயப் பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று இரண்டாகப் போடுவார்கள். 2023 டிசம்பரிலிருந்து புது ஃபிளாட்டுக்கு இரண்டையும் சேர்த்த கூட்டு மதிப்புதான். 50 லட்சம் வரை 4 சதவீதம், 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை 5 சதவீதம் முத்திரைத்தீர்வை, கூடவே 2 சதவீதம் பதிவுக் கட்டணம். உங்களுக்கு 7 சதவீதம், 5.04 லட்சம். மூன்றையும் கூட்டினால் 23.04 லட்சம். 22 லட்சம் இங்கேயே தீர்ந்துவிட்டது. கார் பார்க்கிங், ஈபி, தண்ணீர் டெபாசிட், ஒரு வருட மெயின்டனன்ஸ், கார்ப்பஸ் (பராமரிப்பு வைப்புநிதி) இதெல்லாம் 72க்குள் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் இன்னும் சில லட்சம். கிச்சன் மரவேலை, ஃபேன், கிரில் கேட் என்று குடிபோகும் செலவு வேற.

நங்கநல்லூர்: ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் ரீசேலுக்கு முத்திரை 7, பதிவு 2, மொத்தம் 9 சதவீதம், 6.12 லட்சம். பேங்க் வேல்யூவர் (வீட்டை மதிப்பிடுபவர்) 68 லட்சம் என்றே போட்டால் லோன் 54.40, உங்கள் பங்கு 13.60, பத்திரத்தோடு 19.72. இடிக்காது. ஆனால் பழைய வீட்டில் வேல்யூவர் விலையைக் குறைத்துப் போடுவது சகஜம். அவர் 62 லட்சம் என்று எழுதினால் லோன் 49.60தான். அப்போது உங்கள் பங்கு 18.40, பத்திரம் 6.12, ஆக 24.52. ஒரே வீடு, ஒரே விலை, வேல்யூவர் பேனாவில் 5 லட்சம் வித்தியாசம். முதல் தடவை வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மாட்டுவது இங்கேதான்.

தவணை பிரச்சினையில்லை. 57.60 லட்சத்துக்கு 8.5 சதவீதம், 20 வருஷம் என்றால் மாதம் 50,000 ஒட்டி வரும். கார் லோன் சேர்ந்தாலும் சம்பளத்தில் பாதியைத் தாண்டாது. ஆனால் கட்டும் வீட்டில் வீடு கைக்கு வரும்வரை 18,000 வாடகையும் போகும், பேங்க் விடுவித்த தொகைக்கு வட்டியும் போகும். 30 லட்சம் விடுவித்திருந்தால் வட்டி மட்டும் மாதம் 21,250. ஒப்படைப்பு ஒரு வருஷம் தள்ளிப்போனால் வாடகை மட்டும் 2.16 லட்சம் கூடுதல். விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள்.

வரிச் சலுகையை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். புதிய வரி முறையில் இருந்தால், நாமே குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவு கிடையாது.

பத்திரப்பார்வை

நங்கநல்லூர் வீட்டுக்கு மட்டும் எழுதுகிறேன், அதில்தான் சிக்கல் அதிகம்.

செட்டில்மென்ட் பத்திரத்தை முழுக்கப் படியுங்கள். மூன்று இடத்தில் கண் நிற்கணும். அப்பா தனக்கு ஆயுள்கால அனுபவ உரிமை வைத்துக்கொண்டு எழுதினாரா? மகன் தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதா? விற்கும் அதிகாரம் முழுமையாகக் கொடுத்தாரா? கவனிப்பு நிபந்தனை இருந்து, மகன் கவனிக்கவில்லை என்றால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின்கீழ் ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) அப்பா மனு போட்டு அந்த செட்டில்மென்ட்டையே ரத்து செய்யக் கேட்கலாம். வீட்டை நீங்கள் வாங்கிய பிறகும் தலைவலி உங்களுக்குத்தான் வரும். அப்பா இருக்கிறார் என்றால் கிரயப் பத்திரத்தில் அவரையும் சம்மதிக்கும் தரப்பாகக் கையெழுத்து போடச் சொல்லுங்கள். வெறும் சாட்சிக் கையெழுத்து போதாது. மகன் இதற்குத் தயங்கினால், ஏன் தயங்குகிறார் என்று கண்டுபிடித்த பிறகு பேசுங்கள்.

அப்பா அந்த ஃபிளாட்டைத் தன் சம்பாத்தியத்தில் வாங்கியிருந்தால் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், மற்ற பிள்ளைகளைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஃபிளாட்டுக்குக் கீழே இருக்கும் நிலம் பில்டருக்கு எப்படி வந்தது என்பதையும் பார்க்கணும். நில ஓனர் குடும்பத்தில் பூர்வீகச் சொத்தாக இருந்திருந்தால் பெண் பிள்ளைகள் கையெழுத்து போட்டிருக்கிறார்களா? தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25லிருந்தே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு. பில்டர் பவர் பத்திரத்தை வைத்து விற்றிருந்தால், அன்றைக்குப் பவர் கொடுத்தவர் உயிரோடு இருந்தாரா? கொடுத்தவர் இறந்த நிமிஷத்தோடு பவர் செத்துவிடும்.

ஈசி (வில்லங்கச் சான்று) குறைந்தது 30 வருஷத்துக்குப் போடுங்கள். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். உங்கள் ஃபிளாட்டுக்கு மட்டும் போடாமல் மொத்த மனையின் சர்வே நம்பருக்குப் போடுங்கள். அப்போதுதான் 16 வீட்டுக்கும் எழுதிய யூடிஎஸ்ஸைக் கூட்டிப் பார்க்க முடியும். மொத்தம் மனை அளவைத் தாண்டினால் யாரோ ஒருவருக்கு இல்லாத மண்ணை விற்றிருக்கிறார்கள். கூட்டல் குறைந்தால் மீதி யார் பெயரில் நிற்கிறது என்று கேளுங்கள். சார்பதிவாளர் அலுவலக எல்லைகள் காலப்போக்கில் மாறும். அதனால் பழைய பத்திரத்தில் எந்த அலுவலக முத்திரை இருக்கிறதோ அங்கேயும் தேடணும். பழைய சர்வே நம்பர், புதிய டவுன் சர்வே நம்பர் இரண்டுக்கும் போடணும்.

11 லட்சம் லோன் பாக்கியைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஒருவகையில் நல்லதுதான். ஒரு பேங்க் லீகல் ஏற்கெனவே பார்த்திருக்கிறது, அசல் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்றும் தெரியும். செய்யும் வரிசைதான் முக்கியம். அவர் பேங்கிலிருந்து இரண்டு கடிதம் வாங்கச் சொல்லுங்கள். ஒன்று, அவர்களிடம் இருக்கும் அசல் ஆவணங்களின் பட்டியல். மற்றது, இன்றைய தேதிக்கு லோனை முடிக்க எவ்வளவு என்கிற கணக்கு. பிறகு கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். 2012 டிசம்பரிலிருந்து இங்கே கிரய ஒப்பந்தத்துக்குப் பதிவு கட்டாயம். பதிவு செய்யாமல் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி வைத்தது கோர்ட்டில் பெரிதாகத் தாங்காது. அதற்கப்புறம் அட்வான்ஸை ஓனரின் சேவிங்ஸ் கணக்கில் போடாமல் அவருடைய லோன் கணக்கிலேயே நேராகப் போடுங்கள். லோன் முடிந்து 30 நாளுக்குள் பேங்க் அசலைத் திருப்பித் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. எம்ஓடி (அசல் பத்திரத்தைப் பேங்கில் அடமானம் வைத்த ஆவணம்) பதிவாகியிருந்தால் அதை நீக்கும் ரசீதும் பதிவாகி ஈசியில் ஏறணும். அது ஏறாமல் உங்கள் பேங்க் செக் தராது.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி விடுபடக்கூடாது. லீகலில் குறை வந்தால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வரணும். இத்தனை லட்சத்துக்குக் குறையாமல் லோன் கிடைக்கவில்லை என்றாலும் அப்படியே. கணக்குப்பிள்ளை சொன்ன வேல்யூவர் பிரச்சினைக்கு மருந்து இந்த இரண்டாவது வரி.

வாடகைவாசி

ரொம்ப நன்றி. பணக்கணக்கைப் பார்த்ததும் தூக்கம் போச்சு. புரோக்கர், "ஈசி கிளீனா இருக்கு, எப்படியும் பேங்க் லீகல் பார்த்துக்கும், தனியா வக்கீல் எதுக்கு?" என்கிறார். அது சரியா? மேடவாக்கத்தில் கேட்கும் 20 சதவீதம் பற்றியும் சொல்லுங்க.

பத்திரப்பார்வை

ஈசியில் பதிவான ஆவணம் மட்டும்தான் தெரியும். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, வாரிசுகள் யார் யார், நிலுவையில் இருக்கும் சிவில் வழக்கு, வாடகைக்காரரின் பதிவாகாத அக்ரிமென்ட், சொத்துவரி பாக்கி, அசோசியேஷன் பாக்கி எதுவும் அதில் வராது.

பேங்க் வக்கீல் பேங்குக்காகப் பார்க்கிறார். நாளைக்கு அடமானத்தை ஏலம் விட முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. யூடிஎஸ்ஸைக் கூட்டிப் பார்ப்பது, அப்பாவின் நிபந்தனையை வைத்துப் பேரம் பேசுவது அவர் வேலையில்லை. அதோடு, அட்வான்ஸ் போன பிறகுதான் பேங்க் லீகலே தொடங்கும். 68 லட்சம் சொத்துக்குச் சில ஆயிரம் கொடுத்து நமக்கென்று ஒரு வக்கீலிடம் எழுத்தில் ஒப்பீனியன் வாங்குவதை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

தளவரிசை

மேடவாக்கத்துக்கு நான். கேட்கும் 20 சதவீதமே தப்பு. ரெரா சட்டப்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. உங்களுக்கு அது 7.20 லட்சம். "எல்லாரும் அப்படித்தான் கட்டினாங்க" என்பார்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், அடுத்த நாளே மீதி தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பதில் வரும் விதத்திலேயே பில்டரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

நம்பர் இருக்கு என்றால் போதாது. தமிழ்நாடு ரெரா தளத்தில் அந்த நம்பரைத் தேடி, பில்டர் அங்கே கொடுத்திருக்கும் முடிவுத் தேதி, அங்கீகரித்த வரைபடம், வீடுகளின் எண்ணிக்கை, கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் பரப்பு) நான்கையும் உங்களிடம் கொடுத்த பிரௌஷரோடு ஒப்பிடுங்கள். சட்டத்துக்குக் கார்பெட் ஏரியாதான் கணக்கு, சூப்பர் பில்ட்அப் என்பது விற்பனைப் பேச்சு. 960ல் கார்பெட் 680, 700 இருந்தால் வழக்கமான அளவு. 620 என்றால் படிக்கட்டுக்கும் லாபிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

யூடிஎஸ் 395 கொஞ்சம் கம்மி. சாதாரண உயரக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ (மனை அளவைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு) 2. 960ஐ இரண்டால் வகுத்தால் 480 வரணும். குறைந்ததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பிரீமியம் எஃப்எஸ்ஐ (கட்டணம் கட்டிப் பெறும் கூடுதல் வரம்பு) வாங்கிக் கூடுதலாகக் கட்டியிருப்பார்கள், அது சட்டப்படிதான். அல்லது சூப்பர் பில்ட்அப்பை ஊதியிருப்பார்கள். அங்கீகரித்த வரைபடத்தில் எஃப்எஸ்ஐ எவ்வளவு என்று எழுதியே இருக்கும், கேட்டு வாங்குங்கள். வரைபடத்தில் இல்லாத மாடி ஒன்று மேலே ஏறினால் உங்கள் யூடிஎஸ் இன்னும் தேயும், முடிவுச் சான்றும் (அனுமதிப்படி கட்டி முடித்ததற்கான சான்று) வராது. முடிவுச் சான்று தேவைப்படும் கட்டடத்தில் அது இல்லாமல் நிரந்தர ஈபி இணைப்புக்குத் திண்டாட்டம்தான், தற்காலிக இணைப்பில் ஓட்டவேண்டி வரும். திறந்தவெளி பார்க்கிங்கைத் தனியாக விலைபேசினால் கொடுக்காதீர்கள், அது பொது இடம்.

இன்னொன்று, மேடவாக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கம். 2022ல் அது ராம்சார் தலமானது (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற சதுப்பு நிலம்). அதையொட்டிய கட்டட அனுமதி விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. உங்கள் சர்வே நம்பர் சதுப்பு நில எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதிக் கடிதத்தோடு வைத்து வக்கீலிடம் கேளுங்கள். ஏ-பதிவேட்டில் (வருவாய்த்துறையின் நிலப் பதிவேடு) நிலத்தின் வகைப்பாட்டையும் பாருங்கள். புறம்போக்கு, நீர்நிலை, கோயில் நிலம் என்று ஏதாவது வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பணம் எப்போதும் வேலைக்குப் பின்னால் போகணும். இரண்டாவது தளத்தோடு நிற்கும் கட்டடத்துக்கு 70 சதவீதம் கேட்டால் பேங்க் இன்ஜினியர் ரிப்போர்ட்டைக் காட்டி மறுக்கலாம். ஒப்படைத்த பிறகு 5 வருஷத்துக்குள் கட்டமைப்புக் குறை, வேலைத்தரக் குறை வந்தால் பில்டர் இலவசமாகச் சரிசெய்யணும். எழுத்தில் புகார் கொடுத்த தேதியிலிருந்து 30 நாள் அவகாசம். போனில் சொன்னது கணக்கில் வராது, மெயில் அனுப்புங்கள்.

சுத்தியல்

பேப்பர் எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் சுவரைப் பத்தி சொல்றேன்.

நங்கநல்லூர் வீட்டுக்குப் போறப்ப முதல்ல கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, அவங்க பாத்ரூம் சீலிங்கைக் காட்டச் சொல்லுங்க. நீங்க வாங்கப்போற பாத்ரூம் ஒழுகுதான்னு அங்கதான் தெரியும். உங்க வீட்டுக்குள்ள புது டைல்ஸ் போட்டு மறைச்சிருப்பாங்க. அப்புறம் சன்ஷேடு, பால்கனி அடிப்பக்கம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர். கம்பி போற கோட்டுக்கு நேரா பழுப்பு நிறத்துல விரிசல் இருந்தா உள்ள கம்பி துருப்பிடிச்சிருக்கு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கும், அது உள்ளிருந்து கான்கிரீட்டைத் தள்ளிப் பேத்துடும். கட்டும்போது கவர் (கம்பியை மூடற கான்கிரீட் கனம்) கம்மியா விட்டாலும், உப்புத் தண்ணில கலவை போட்டாலும் சீக்கிரமே இது வரும். காசால தட்டிப் பாருங்க, பொத்துன்னு சத்தம் வந்தா பொள்ளல். மேல சிமென்ட் பூசி பெயின்ட் அடிச்சிருந்தா இன்னும் உஷார். ஒரு சன்ஷேடுன்னா சரிபண்ணிக்கலாம். தூண்லயும் பீம்லயும் இருந்தா வேணாம்.

மூடின பால்கனி: அங்கீகரிச்ச வரைபடத்துல இல்லாத ரூம். வேல்யூவர் அதைக் கணக்குலயே சேர்க்க மாட்டார். ஓனர் மட்டும் அதுக்கும் சேர்த்துத்தான் 68 சொல்றார். பேரத்துக்கு இதைப் பிடிங்க. ஓனர் செலவுலயே பழையபடி திறந்து தரச் சொல்லலாம், இல்லைன்னா விலையில கழிக்கலாம்.

தண்ணிக்கு அசோசியேஷன் கணக்குப் புத்தகம் கேளுங்க. 16 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர்னா ஒரு நாளைக்கு 8,640 லிட்டர். மெட்ரோ வாட்டர் எவ்வளவு ஏறுது, போர் எத்தனை அடி, ஏப்ரல் மே மாசத்துல எத்தனை லாரி வாங்கினாங்கன்னு பில்லுல இருக்கும். மேடவாக்கம் ஊராட்சியா, மாநகராட்சியான்னு முதல்ல கேளுங்க. அங்க குழாய்த் தண்ணி, பாதாளச் சாக்கடை இணைப்பு நிஜமா இருக்கா, "வரப்போகுது"வான்னு தெருவுல நாலு பேர்கிட்ட விசாரிங்க. கழிவுநீர் லாரிக்குக் குடுக்கற காசும் மாசச் செலவுதான்.

வெள்ளம். 2015லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் அந்தத் தெருவுல தண்ணி எவ்வளவு நின்னுச்சுன்னு பக்கத்துப் பெட்டிக்கடையில கேளுங்க, புரோக்கர்கிட்ட வேணாம். பழைய காம்பவுண்டுச் சுவர்ல கோடு இருக்கும். ரோடு மட்டத்தையும் வாசல் மட்டத்தையும் பாருங்க. பழைய ரோட்டைச் சுரண்டாம மேல மேல போட்டதுல, பத்து வருஷத்துக்கு முன்னாடி உசரமா இருந்த ஸ்டில்ட்டு பார்க்கிங் இன்னைக்குப் பள்ளமாயிருக்கும். ரெண்டாவது மாடியில வீடு இருந்தாலும் சம்ப், மோட்டார், ஈபி மீட்டர் போர்டு எல்லாம் கீழதானே இருக்கு.

கணக்குப்பிள்ளை

தளவரிசை சொன்ன யூடிஎஸ் கணக்கோடு ஒன்று சேர்க்கிறேன். 2019 விதிகளுக்கு முன் சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 1.5தான். அதனால்தான் 850 அடி பழைய வீட்டுக்கு 490 யூடிஎஸ், 960 அடி புது வீட்டுக்கு 395. நாளைக்கு இடித்துக் கட்டும்போது கணக்குக்கு வருவது மண். இருப்பதில் பார்த்தால் நங்கநல்லூர்தான் என் ஓட்டு, ஆனால் 64க்கு மேல் போகாதீர்கள். மேடவாக்கத்தில் மெட்ரோ வருகிறது என்பார்கள். வரட்டும், அதையும் சேர்த்துத்தான் உங்களிடம் விலை சொல்லியிருக்கிறார்கள்.

தளவரிசை

64 கொஞ்சம் பேராசை. பால்கனியையும் பெயின்ட்டையும் காட்டினால் 66க்கு முடியலாம். ஓட்டு எனக்கும் அங்கேதான்.

பத்திரப்பார்வை

முடிவானால் இரண்டு சின்ன விஷயம். விலை 50 லட்சமோ மேலோ என்றால் 1 சதவீத டிடிஎஸ் (விற்பவருக்குத் தரும் பணத்தில் பிடிக்கும் வருமான வரி) பிடித்து நீங்கள் கட்டணும். ஓனரின் பான் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள், இணையாத பானுக்கு 20 சதவீதம் பிடிக்கவேண்டி வரும். ஓனர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விகிதமும் நடைமுறையும் வேறு, ஆடிட்டரிடம் போங்க.

பதிவுக்கு முந்தைய நாள் வரைவுப் பத்திரத்தைச் சத்தம் போட்டுப் படியுங்கள். பெயர், இனிஷியல், அப்பா பெயர், கதவு எண், சர்வே நம்பர், நான்கு எல்லை, யூடிஎஸ் அளவு எல்லாம் மூலப்பத்திரத்தோடும் ஆதாரோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். ஒரு எண் மாறினாலும் பிழைத்திருத்தல் பத்திரம் போட ஓனர் மறுபடியும் வந்து கைரேகை வைக்கணும், அன்றைக்கு அவர் எந்த ஊரில் இருப்பாரோ. பதிவு முடிந்ததும் ஈபி, சொத்துவரி, தண்ணீர் வரி மூன்றிலும் பெயர் மாற்ற அவரிடம் கையெழுத்து தேவைப்படும் படிவங்களை அதே நாளில் சார்பதிவாளர் அலுவலக வாசலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.